டைமிங் செயினை நாமே மாற்றலாமா?

காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. மரக்கறி மூட்டை சந்தைக்குப் போவதும், ஆள் கூலி வேலைக்குப் போவதும், விட்டு வந்த தோட்டத்தை இடைக்கிடை பார்த்து வருவதும் அதில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தில் பல குடும்பங்களை வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்க வைத்தன. இத்தகைய குடும்பங்களின் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய வண்டி. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவது தவிர வேறு வழி இல்லை.

மடவளை பஸாரிலிருந்து வத்துகாமம் பக்கமும் கட்டுகஸ்தோட்டை பக்கமும் போகும் பாதைகள் ஏற்ற இறக்கம் நிறைந்தவை. சுமையுடன் ஏறும் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. எண்ணெய் குறைந்தால் அல்லது பழசானால் முதலில் தேயும் பாகங்களில் ஒன்று டைமிங் செயின். அதை மாற்றக் கராஜில் கேட்கும் பணத்தில் செயினின் விலை ஒரு பகுதிதான். மீதி, எஞ்சினைத் திறந்து மூடும் கூலி. அந்தக் கூலியை மிச்சப்படுத்த முடியுமா என்பதே எமது கேள்வி.

டைமிங் செயின் எது?

பின்சில்லை இழுக்கும் செயின் வெளியே தெரியும். டைமிங் செயின் எஞ்சினுக்குள்ளே, எண்ணெயில் நனைந்து ஓடுவது. கீழே உள்ள கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு முறை சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைத் தவறாமல் காப்பது இந்தச் செயின்தான். அது தேய்ந்து நீண்டு ஒரு பல் தாண்டினால் வண்டி இழுக்காது. பல பற்கள் தாண்டினால், அல்லது செயின் அறுந்தால், வால்வு பிஸ்டனில் அடிபட்டு வளையலாம். அப்போது செயின் செலவு எஞ்சின் செலவாகிவிடும்.

எல்லா வண்டிக்கும் இது கிடையாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிய பழைய முச்சக்கர வண்டியில் வால்வும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. கைத்திராக்டர்களின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் பொதுவாகச் செயினுக்குப் பதில் பற்சில்லுகளே இருக்கும். எங்கள் ஊர்களில் பலர் வைத்திருக்கும் ஹொண்டா சி 90, எம்.டி. 90 போன்ற வண்டிகளில் செயின் உண்டு. கீழே சொல்வது அவற்றுக்கானது. வேறு வண்டியானால் அதற்குரிய கைநூலைப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது?

மெதுவாக ஓடும்போது எஞ்சினின் இடது பக்கத்தில் சங்கிலி உரசுவது போன்ற கரகர சத்தம் கேட்கும். முதலில் எண்ணெயை மாற்றி, செயினை இறுக்கும் டென்ஷனரைச் சரிபாருங்கள். அதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது.

வேலை செய்யும் முறை

1. எஞ்சின் நன்றாகக் குளிரட்டும். பற்றரி வயரைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றும் ஆணிகளை வரிசையாக ஒரு கடதாசியில் குத்தி வையுங்கள்.

2. இடப்பக்க மூடியையும் மேலே கேம் பற்சில்லின் மூடியையும் கழற்றுங்கள். மேக்னட்டை இடஞ்சுழியாகக் கையால் திருப்பி, அதிலுள்ள "டி" குறியை எஞ்சினிலுள்ள வெட்டுக்கு நேராக நிறுத்துங்கள். அருகிலுள்ள "எஃப்" குறி பற்றவைப்புக்குரியது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதே நேரத்தில் கேம் பற்சில்லின் வட்டக் குறி, தலையிலுள்ள வெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள்.

3. எஞ்சினின் அடியிலுள்ள டென்ஷனர் ஆணியைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுங்கள். பிறகு கேம் பற்சில்லைக் கழற்றுங்கள். செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டுங்கள்.

4. மேக்னட்டைப் புல்லர் போட்டே கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் தண்டு கெடும். பின்னால் கொயில் பூட்டிய தட்டைக் கழற்றினால் செயின் கைக்கு வரும்.

5. புதிய செயினைப் பழையதோடு வைத்துக் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். பற்சில்லின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் அதையும், தேய்ந்த றப்பர் உருளைகளையும் மாற்றுங்கள். தட்டின் றப்பர் வளையங்களும் மூடியின் கஸ்கட்டும் புதிதாகப் போடுங்கள்.

6. செயினைக் கீழ்ப் பற்சில்லில் மாட்டி, மேல்நுனியைக் கம்பியால் தாங்கியபடி தட்டையும் மேக்னட்டையும் பூட்டுங்கள். "டி" குறியை மறுபடி நேராக்கி, வட்டக் குறியும் நேராக இருக்கும்படி கேம் பற்சில்லைப் பூட்டுங்கள். பிறகு டென்ஷனர்.

7. இனித்தான் முக்கியமான சோதனை. கிக் அடிக்காமல், ஸ்பேனரால் எஞ்சினை மெதுவாக இரண்டு முழுச் சுற்றுத் திருப்புங்கள். இரண்டு குறிகளும் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். எங்காவது தட்டினால் பலம் போடாதீர்கள், திரும்பக் கழற்றுங்கள்.

8. வால்வு இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்த நிலையில், 0.05 மில்லிமீற்றர் என்று சரிசெய்து, எண்ணெய் ஊற்றிய பிறகே கிளப்புங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

ஓடும்போது செயின் அறுந்திருந்தால், எண்ணெயில் உலோகத் துகள் தெரிந்தால், ஆணியின் மரை கழன்றுவிட்டால், மெக்கானிக்கிடம் போவதே சிக்கனம். வான், லொறி எஞ்சின்களையும் புதியவர்கள் தனியாகத் திறக்க வேண்டாம். கராஜுக்குப் போனாலும் பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாகக் கேளுங்கள், கழற்றிய பழைய செயினையும் காட்டச் சொல்லுங்கள். இந்த வேலையை அறிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஒரு குடும்பம் புல்லர் வாங்குவது வீண் செலவு. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு புல்லரும் ஒரு ஸ்பேனர் பெட்டியும் வாங்கலாம். முதல் முறை, இந்த வேலையில் பழகிய ஒருவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து, இளைஞர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். இரண்டாவது வண்டியை அவர்கள் திறக்கட்டும், அவர் பக்கத்தில் நிற்கட்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்த வித்தையை அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். இதுவும் அப்படிக் கற்கக்கூடியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெயின் அளவை வாரம் ஒரு தடவை பாருங்கள், கைநூல் சொல்லும் தூரத்தில் மாற்றுங்கள். செயினின் ஆயுள் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது.