ஸ்டாஃபி நல்ல பிள்ளைதான்... ஆனா, எவ்வளவு பக்கத்தில்?

மஞ்சள் நிறத்தில், கொழுகொழுவென்று ஒரு நட்சத்திரக் குட்டி. கடலுக்குள் துள்ளித் துள்ளி நீந்துகிறது. எதிரே ஒரு முரட்டு ஜந்து வந்தால் பம்பரம் மாதிரி ஒரே சுழற்று... ஜந்து காலி! ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. பார்க்கிற அம்மாக்களுக்கே, 'ஐயோ, கன்னத்தைக் கிள்ளலாம் போல இருக்கே!' என்று தோன்றும்.

இந்தக் குட்டியின் பெயர் ஸ்டாஃபி. பிறந்த ஊர் ஜப்பான். அமெரிக்காவுக்குப் போனபோது 'ஸ்டார்ஃபி' என்று பெயர் மாறியது. கைக்குள் அடங்கும் வீடியோ கேம் பெட்டியில், கடலடியில் நீந்திக்கொண்டே ஆடுகிற விளையாட்டு ஒன்றின் ஹீரோ இவன்.

'இவ்வளவு சாதுவான கேம்தானே... ஆடிட்டுப் போகட்டுமே' என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடலாமா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கதை சாதுவாக இருப்பது பிள்ளையின் மனசுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்கும் கழுத்துக்கும் கதை தெரியாது! அவற்றுக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்: தூரம், வெளிச்சம், நேரம்.

யார் இந்த ஸ்டாஃபி?

வானத்தில் மிதக்கும் அரண்மனையின் இளவரசன் இவன். அங்கிருந்து கடலில் விழுந்துவிடுகிறான். கூடவே துணைக்கு ஒரு சிப்பி நண்பன். வழியில் சந்திக்கும் கடல்வாசிகளின் கஷ்டத்தைத் தீர்த்துவைத்து, வில்லனை வென்று, வீடு திரும்ப வேண்டும். கதை அவ்வளவுதான்!

முதல் ஆட்டம் 2002 செப்டம்பரில் 'கேம் பாய் அட்வான்ஸ்' என்ற பெட்டிக்காக வெளியானது. உருவாக்கியது டோஸே என்ற ஜப்பானிய நிறுவனம், வெளியிட்டது நின்டெண்டோ. 2003, 2004ல் அடுத்தடுத்து இரண்டு. பிறகு, இரண்டு திரை கொண்ட 'நின்டெண்டோ டி.எஸ்.' பெட்டிக்காக 2006, 2008ல் இரண்டு. இந்த ஐந்தில் கடைசி ஆட்டம் மட்டும்தான் 2009ல் அமெரிக்கக் கடைகளுக்குப் போனது. 'ஐயோ, இது குழந்தைக்கு ஆகாதே' என்று யாரும் சொல்லவில்லை. அங்கே அதற்குக் கிடைத்தது, எல்லோருக்கும் ஏற்றது என்ற முத்திரை.

அந்தப் பழைய பெட்டிகளின் தயாரிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஸ்டாஃபி ஓய்வு பெறவில்லை! முதல் மூன்று ஆட்டங்களையும் 2024 ஜூலையில் 'நின்டெண்டோ ஸ்விட்ச்' சந்தாதாரர்களுக்கு மறுபடியும் திறந்துவிட்டார்கள். அன்று ஆடிய பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா ஆகியிருப்பார்கள். ஆகவே இந்தப் பேச்சு பழங்கதை அல்ல.

சின்னத் திரை... பெரிய வேலை

முதல் ஸ்டாஃபி ஓடிய திரையின் அளவு என்ன தெரியுமா? குறுக்காக அளந்தால் 2.9 அங்குலம். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் கடல், மீன், பாறை, ஸ்டாஃபி, எல்லாமும்! இதைச் சரியாகப் பார்க்கப் பிள்ளை என்ன செய்யும்? பெட்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போகும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தூரத்து மரத்தைப் பார்க்கும்போது நம் கண்ணின் லென்ஸ் ஹாயாக இருக்கிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்க வேண்டுமானால், கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை இறுகி, லென்ஸைக் குண்டாக்கி, கூடுதல் பவர் தர வேண்டும். இரண்டரை மீட்டரில் டி.வி. பார்க்க, கண் தர வேண்டிய கூடுதல் பவர் 0.4 டயாப்டர். 33 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க 3 டயாப்டர். 20 செ.மீ. தூரத்தில் கேம் ஆட 5 டயாப்டர்! அதாவது டி.வி.யைப் பார்ப்பதைப்போல் பன்னிரண்டரை மடங்கு உழைப்பு. ஸ்டாஃபி அதே ஸ்டாஃபிதான். மாறியது தூரம் மட்டும்.

போதாக்குறைக்கு, கண் சிமிட்டுவதும் குறைந்துவிடுகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போலச் சிமிட்டுகிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது பாதியாகக் குறைத்துக்கொள்ளும். கண்ணீர்ப் படலம் காய்கிறது. எரிச்சல், சிவப்பு, கசக்கல்... 'தூசி விழுந்திருக்கும்' என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

வெளிச்சம் இல்லாத பெட்டி

ஸ்டாஃபி பிறந்த அந்த முதல் பெட்டியில் ஒரு பெரிய குறை, திரைக்கு விளக்கே கிடையாது! பிள்ளைகள் டேபிள் லைட்டுக்குக் கீழே குனிந்து, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பிடித்துத்தான் ஆட முடிந்தது. 2003ல் வந்த மடக்குப் பெட்டியில் விளக்கு வைத்தார்கள். ஒரு தொல்லை தீர்ந்தது. இன்னொரு தொல்லை ஆரம்பமானது. இனி விளக்கை அணைத்த பிறகும், போர்வைக்குள்ளேயும் ஆடலாமே! தூங்க வேண்டிய நேரத்தில் கண்ணுக்கு நேரே வெளிச்சம், மூளைக்குப் பரபரப்பு. தூக்கம் எங்கே வரும்?

கிட்டப்பார்வை: விளையாட்டு இல்லை

பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வர, பரம்பரையும் காரணம். ஆனால் நீண்ட நேரம் மிக அருகில் பார்ப்பதும், வெளியில் போகாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும் அதோடு கைகோத்துக்கொள்கின்றன. கண்விழி முன்னிருந்து பின்னாக நீண்டுவிடுகிறது. நீண்டது சுருங்காது. பவர் ரொம்ப ஏறிவிட்டால் பிற்காலத்தில் விழித்திரை பிரிவது, கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகளும் கூடுகின்றன.

ஜப்பானில் கல்வி அமைச்சகம் வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளின் பார்வையைக் கணக்கெடுக்கிறது. 2019ம் ஆண்டுக் கணக்கில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் முழுப் பார்வை இல்லை. கேம்ஸ் மட்டும் காரணம் என்று பழி போட முடியாது. பாடப் புத்தகமும் செல்போனும்கூடப் பக்கத்தில்தானே இருக்கின்றன!

நல்ல சேதியும் உண்டு. பக்கத்து நாடான சீனாவில், குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவிகிதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியே போனவர்களில் 30.4 சதவிகிதம்தான். இந்த முடிவு 2015ல் வெளியானது. மருந்தா, மாத்திரையா? வெறும் பகல் வெளிச்சம்!

கட்டை விரலும் கழுத்தும்

1990லேயே ஓர் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் 'நின்டெண்டினைடிஸ்' என்று ஒரு வேடிக்கைப் பெயர் வந்தது. 35 வயதுப் பெண்மணி ஒருவர், தொடர்ந்து ஐந்து மணி நேரம் கேம் ஆடி, கட்டை விரல் தசைநாண் வலியோடு டாக்டரிடம் வந்து நின்றார். பட்டனை அழுத்துவது பெரிய வேலையா என்ன என்று நினைக்கிறோம். ஆயிரம் தடவை அழுத்தினால் பெரிய வேலைதான்.

கழுத்துக்கும் அப்படியே. குனியக் குனிய, தலையின் பாரம் பல மடங்காகக் கழுத்தில் இறங்குகிறது. 'கழுத்து வலிக்குதும்மா' என்று பத்து வயதுப் பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஜப்பான்காரர்களே கவலைப்பட்டார்கள்

1980களில் தகஹாஷி மெய்ஜின் என்ற கேம் சாம்பியன் ஜப்பானிய சிறுவர்களின் கனவு நாயகனாக இருந்தார். ஒரு விநாடியில் 16 தடவை பட்டன் அழுத்துவார்! கேம் கம்பெனியில் வேலை பார்த்த அந்த மனிதரே, நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்.

2020 ஏப்ரலில் ககாவா மாநிலம் இதை விதியாகவே ஆக்கியது. பள்ளி நாளில் 60 நிமிஷம், விடுமுறை நாளில் 90 நிமிஷம் என்பது அளவு. தண்டனை ஏதும் இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோர். 'வீட்டு விஷயத்தில் அரசாங்கம் தலையிடலாமா?' என்று அங்கே வழக்குகூட நடந்தது. 2022ல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது.

நின்டெண்டோவின் எச்சரிக்கைத் தாளும் பேசுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, களைப்பே இல்லாவிட்டாலும், 10 முதல் 15 நிமிஷம் ஓய்வு எடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு மின்னி மறையும் வெளிச்சத்தால் வலிப்பு வரலாம் என்றும் சொல்கிறது. ஆடும்போது பிள்ளையின் கண்ணோ கையோ தானாகத் துடித்தால், நினைவு தப்பினால், உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

* மணியைப் பார்த்து, 'போதும், வை!' என்று பிடுங்காதீர்கள். ஸ்டாஃபி ஆட்டம் சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் இருக்கிறது. 'இந்தக் கட்டம் முடிஞ்சதும் வெச்சிடணும், சரியா கண்ணு?' என்று முதலிலேயே பேசி வையுங்கள். பாதியில் பிடுங்கினால்தான் ரகளை.

* முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 30 செ.மீ.க்கு மேல், பெட்டி இருக்கட்டும். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் டி.வி.யில் இணைத்து ஆடச் சொல்லுங்கள். அதே கடல், அதே மீன். கண்ணுக்கு மட்டும் பாரம் குறைவு.

* 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கட்டும்.

* படுத்துக்கொண்டோ, விளக்கை அணைத்துவிட்டோ ஆட வேண்டாம். தூங்கப் போகும் நேரத்தில் பெட்டி படுக்கை அறைக்கு வெளியே தூங்கட்டும்.

* ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளா? இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). அதைவிடச் சின்னக் குழந்தைக்கு, இரண்டு வயது ஆகும்வரை, திரையே வேண்டாம்.

* கண்ணை இடுக்கிப் பார்ப்பது, போர்டில் எழுதியதைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது, அடிக்கடி தலைவலி... இவை இருந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். 'கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்' என்று தள்ளிப்போடுவது தப்பு. கண்ணாடி பவரை ஏற்றாது.

* ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்டாஃபிக்குத் தங்கையும் உண்டு. இன்னொருவர் தங்கையாக வந்து சேர்ந்து ஆடலாம். அப்படி நீங்களும் பிள்ளையோடு உட்காருங்கள். கூட உட்கார்ந்தவர் சொன்னால்தான் பிள்ளை கேட்கும். சமையலறையிலிருந்து கத்தினால் கேட்காது!

கடைசியாக ஒன்று. ஸ்டாஃபியின் பெரிய பலம் அந்தச் சுழற்றல்தான். ஆனால் விடாமல் சுழன்றுகொண்டே இருந்தால் அவனுக்கே தலை சுற்றிவிடும். தள்ளாடுவான். அந்த நேரம் பார்த்து எதிரி வந்தால் அடிதான்! நல்லதுக்கும் ஓர் அளவு உண்டு என்பதை ஆட்டத்தை உருவாக்கியவர்களே உள்ளே வைத்துவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். அடுத்த தடவை ஸ்டாஃபி தள்ளாடும்போது, 'பார்த்தியா, அவனே கொஞ்ச நேரம் நிக்கிறான்... வா, நாமும் வெளியே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்' என்று கூப்பிட்டுப் பாருங்களேன்!