கைமாற்ற முடியாத கடமை: ஆஸ்திரேலியப் பள்ளி மைதானங்களும் நீதிமன்றங்களும்

பள்ளி வளாகத்துக்குள் ஒரு குழந்தை காயமடைந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் கடந்த அரை நூற்றாண்டாக அளித்துவரும் விடைகள், விளையாட்டுச் சாதனத்திலிருந்து விழுந்த குழந்தைக்கும், சகமாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆண்டுக்கணக்கில் ஆளான குழந்தைக்கும் ஒரே அளவுகோலையே பயன்படுத்துகின்றன. ஆபத்து வரக்கூடும் என்பதைப் பள்ளி அறிந்திருந்ததா, அல்லது அறிந்திருக்க வேண்டியதா, அறிந்தபின் நியாயமான எந்த நடவடிக்கையை எடுத்தது என்பதே அந்த அளவுகோல். கவனக்குறைவுச் சட்டம் எனப்படும் இப்பிரிவின்படி, பிறர்பால் கவனத்துடன் நடந்துகொள்ள வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்து, அதை அவர் மீறி, அந்த மீறலாலேயே தீங்கு விளைந்திருந்தால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும். ஆகவே, காயம் பட்டது என்பது மட்டும் பள்ளியின் குற்றத்துக்குச் சான்றாகாது.

பள்ளியின் கடமையை விளக்க இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1893ஆம் ஆண்டிலேயே ஓர் உவமையைக் கையாண்டன. அக்கறையுள்ள தந்தை தன் பிள்ளைகளைக் கவனிப்பதைப் போலத் தலைமையாசிரியர் மாணவர்களைக் கவனிக்க வேண்டும் என்பதே அது. நெடுங்காலம் வழக்கிலிருந்த இந்த உவமையின் போதாமை, ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் வெளிப்பட்டது. (இந்தியாவில் உள்ள முறைக்கு மாறாக, அந்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் தலைமை நீதிமன்றம், உச்ச நீதிமன்றங்கள் மாநில அளவிலானவை.) காலை வகுப்புகள் தொடங்குவதற்குச் சற்று முன்பு, மைதானத்தில் மற்றொரு மாணவி வீசிய சாஃப்ட்பால் மட்டை தலையில் பட்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி படுகாயமடைந்திருந்தாள். சீக்கிரம் வரும் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் தலைமையாசிரியர் வாயிலைத் திறந்துவைத்திருந்தார். விளையாடக் கூடாது, அமர்ந்து படிக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் கண்காணிக்க ஆசிரியர் எவரும் இல்லை. வாயிலைத் திறந்து பிள்ளைகளை உள்ளே ஏற்ற கணத்திலேயே கடமையும் தொடங்கிவிடுகிறது, அது பள்ளி மணிக்காகக் காத்திருப்பதில்லை என்று நீதிமன்றம் கருதியது. நானூறு பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் நிறுவனத்தைச் சில பிள்ளைகளின் பெற்றோரோடு ஒப்பிடுவது யதார்த்தத்துக்குப் பொருந்தாது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடு செய்த உதவியே தலைமையாசிரியருக்குச் சுமையாகிவிட்டது என்ற வருத்தம் எழுவது இயல்பு. எனினும், பாதுகாப்பான இடம் என்று நம்பிப் பிள்ளையை உள்ளே அனுப்பிய பெற்றோரின் நம்பிக்கைக்குச் சட்டம் கூடுதல் எடை தந்தது சரியானதே.

பள்ளிப் பொறுப்பைப் பற்றிய சிந்தனையை இன்னும் ஆழமாக மாற்றிய வழக்கு 1982இல் முடிவுக்கு வந்தது. தலைநகர் கான்பராவில் உள்ள வோடன் வேலி உயர்நிலைப் பள்ளியில் 1971ஆம் ஆண்டின் ஒரு காலையில், பதினைந்து வயது மாணவன் ஒருவன் நண்பர்களுடன் கொடிக்கம்பத்தின் கயிற்றைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தபோது, கம்பத்தின் உச்சியில் பொருத்தப்பட்டிருந்த கனமான உலோகப் பகுதி கழன்று அவன் தலைமீது விழுந்தது. வழக்கமாக ஐந்து முதல் இருபது ஆசிரியர்கள் வரை மைதானத்தில் இருக்கும் அந்த வேளையில், அன்று ஒருவர் மட்டுமே இருந்தார். பள்ளி முதல்வர் காலமாகியிருந்த செய்தியைத் தெரிவிப்பதற்காகப் பொறுப்பு முதல்வர் ஏனைய ஆசிரியர்களை ஒரு சுருக்கமான கூட்டத்துக்கு அழைத்திருந்தார். துயரச் செய்தியைச் சொல்லக் கூட்டிய அந்தச் சில நிமிடக் கூட்டத்தை எவரும் அலட்சியம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் நீதிமன்றத்தின் பார்வை அந்த நிமிடங்களோடு நிற்கவில்லை. பிள்ளைகள் பிடித்து ஆடக்கூடிய நிலையில் கயிறு தொங்கியதும், அதைப் பூட்டிவைப்பது எளிய, செலவில்லாத வேலையாக இருந்தும் செய்யப்படாததும், நூற்றுக்கணக்கான மாணவர்களை ஒரே ஆசிரியரிடம் விட்டதும் சேர்ந்தே கடமை மீறலாயின.

அவ்வழக்கின் தனிச்சிறப்பு வேறொரு சிக்கலில் இருந்தது. பள்ளி ஆஸ்திரேலியக் கூட்டரசுக்குச் சொந்தமானது. ஆசிரியர்களோ நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசின் ஊழியர்கள். ஊழியர் பணியில் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பேற்பது பதிலிப் பொறுப்பு எனப்படும். அந்த விதியை மட்டும் பின்பற்றினால், ஆசிரியர்கள் தன் ஊழியர்கள் அல்லர் என்று கூட்டரசு விலகிக்கொள்ள முடிந்திருக்கும். உயர் நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. பிள்ளையை ஏற்றுக்கொண்ட பள்ளி நிர்வாகம், கவனம் செலுத்தப்படுவதை உறுதிசெய்யும் கடமையைத் தானே சுமக்கிறது. பணியை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், கடமையை ஒப்படைக்க முடியாது என்பது அதன் முடிவு. சட்டநூல்கள் இதைக் கைமாற்ற முடியாத கடமை என்று குறிக்கின்றன. 2013இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பள்ளி நேர நீச்சல் பாடத்தில் மூளைப் பாதிப்புக்கு உள்ளான ஒரு சிறுமியின் வழக்கில் இக்கருத்தையே ஏற்றது. பாடத்தை நடத்தியவர்கள் வெளி ஒப்பந்தக்காரர்கள் என்ற காரணம் கல்வி நிர்வாகத்தைக் காப்பாற்றவில்லை. காவல், பேருந்து, நீச்சல், சுற்றுலா என ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்துக்கு விடும் இன்றைய பள்ளிகளுக்கு இதைவிட முக்கியமான சட்டக் கொள்கை வேறு இருக்க முடியாது.

இக்கடமைக்கும் எல்லை உண்டு என்பதை 2005ஆம் ஆண்டின் மற்றொரு கான்பரா வழக்கு காட்டியது. இருபுறமும் மேடைகள் அமைத்து, இடையில் கட்டிய கம்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்ற சாதனத்தில் சென்ற எட்டு வயது மாணவியின் கால்களை வேறு இரு பிள்ளைகள் பிடித்து இழுத்ததால் அவள் விழுந்து முகத்தில் காயமடைந்தாள். சாதனத்தில் இருப்பவரைத் தொடக் கூடாது என்ற விதி ஏற்கெனவே பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அப்பகுதியைக் கவனித்த ஆசிரியை மற்றோர் இடத்தைப் பார்க்கத் திரும்பிய அரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் இது நடந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு சாதனத்தின்மீதும் கண் பதித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல என்று கூறிப் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தனர்; நீதிபதி மக்ஹ்யூ மட்டும் மாறுபட்டார். இடைவிடாத கண்காணிப்பைச் சட்டம் கட்டாயமாக்கினால், பள்ளிகள் சாதனங்களையே அகற்றிவிட்டு வெறுந்தரையை மிச்சம் வைக்கும் என்பதால், பெரும்பான்மையின் முடிவு குழந்தைகளுக்கும் நன்மையானதே. கண் தவறும் நொடிகளின் விளைவைக் குறைக்கும் வேலையை அங்கே தரை செய்ய வேண்டியிருக்கிறது. விழும் தலை தாங்கும் அதிர்ச்சியை அளவிட்டு, இந்த உயரத்துக்கு இந்தத் தரைப்பரப்பு போதுமா என்று சோதிக்கும் முறையை ஆஸ்திரேலியத் தர நிர்ணயங்கள் வகுத்துள்ளன. ஆனால் மரச்சீவல் போன்ற தளர்வான பொருள்கள் சறுக்குமரத்தின் முடிவிலும் ஊஞ்சலின் அடியிலும், அதாவது பிள்ளைகள் அதிகம் விழும் இடங்களிலேயே, காலால் தள்ளப்பட்டு மெலிந்துபோவதால், பராமரிப்பு நின்றால் தரமும் நின்றுவிடும்.

சகமாணவர் துன்புறுத்தலின் தன்மை இதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. ஒரு பிள்ளையைவிட வலிமையோ செல்வாக்கோ மிகுந்தவர்கள், அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அடித்தோ, இழிவுபடுத்தியோ, ஒதுக்கிவைத்தோ வதைப்பதே துன்புறுத்தல் என்று பொதுவாக வரையறுக்கப்படுகிறது. அது மாதங்களாக நடக்கிறது, பெற்றோர் புகார் தருகிறார்கள், வகுப்பாசிரியர் பார்க்கிறார். கண் தவறிய நொடியில் நடந்துவிட்டது என்ற வாதம் இங்கே செல்லாது. நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கரோலின் சிம்ப்சன் 2007இல் தீர்ப்பளித்த வழக்கில், தொடக்கப் பள்ளியின் ஆரம்ப வகுப்புகளிலேயே மூத்த மாணவன் ஒருவனால் தாக்கப்பட்ட ஒரு சிறுவன், இளைஞனான பின்னும் வீட்டைவிட்டு வெளியே வர இயலாத மனநோயாளியாக வாழ்ந்துகொண்டிருந்தான். தாய் பலமுறை முறையிட்டும் போதிய பாதுகாப்பு அளிக்கப்படாததால் அரசே பொறுப்பு என்று முடிவாகி, வாழ்நாள் வருமான இழப்பும் இழப்பீட்டில் சேர்க்கப்பட்டது.

அதே நீதிமன்றம் 2011இல் விசாரித்த, சிட்னியின் தென்மேற்கில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி பற்றிய வழக்கு இதைவிடக் கூர்மையான பாடத்தைத் தருகிறது. அப்பள்ளியிடம் துன்புறுத்தலுக்கு எதிரான எழுத்துக் கொள்கை இருந்தது. புகாரை எப்படி விசாரிப்பது, தொடர்ந்து துன்புறுத்துபவர்களை எப்படிக் கையாள்வது என்று அது விளக்கியிருந்தது. பாதிக்கப்பட்ட மாணவியின் நிலையையும் பள்ளி அறிந்திருந்தது. ஆனால் எழுதியபடி அது நடந்துகொள்ளவில்லை என்று நீதிமன்றம் கண்டது. 2013இல் மேல்முறையீட்டிலும் பள்ளியின் பொறுப்பு உறுதியானது. ஆய்வாளர்கள் வரும்போது காட்டுவதற்கென்று கொள்கை ஆவணங்களைத் தயாரிக்கும் வழக்கம் எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் பரவிவரும் காலத்தில், இத்தீர்ப்பை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் படித்தாக வேண்டும். நியாயமான நடவடிக்கை எது என்று பள்ளி தானே எழுதிவைத்திருக்கும்போது, அதைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம் சொல்வது மிகக் கடினம்.

இத்தனைக்குப் பிறகும் சட்டத்தில் பெரியதோர் இடைவெளி எஞ்சியிருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் 2002ஆம் ஆண்டு உரிமையியல் பொறுப்புச் சட்டம், உடற்காயமின்றி மனத்துக்கு மட்டும் நேர்ந்த தீங்குக்கு, மருத்துவம் ஏற்கும் மனநோய் உண்டானாலன்றி, கவனக்குறைவின் பெயரில் இழப்பீடு கோர இடமளிப்பதில்லை. தினமும் அழுதுகொண்டே பள்ளிக்குப் போன பிள்ளையின் துயரமும் அச்சமும், மாற்றிக்கொண்ட பள்ளியும், இழந்த நட்பும் அந்த வரம்பை எட்டாமல் போகலாம். முறிந்த கைக்கு எக்ஸ்ரே படம் ஒன்றே சான்றாகிவிடும் சட்டத்தில், வதைபட்ட பிள்ளை தன் வேதனை நோயாக முற்றிவிட்டதை மருத்துவர் வழியே மெய்ப்பிக்க வேண்டியிருப்பது அநீதி. வழக்குகள் பெருகும் என்ற அச்சத்தில் வைக்கப்பட்ட இந்த வரம்பால், பிள்ளை நோயாளியாகும்வரை பள்ளியின் அலட்சியத்துக்கு விலையே இல்லாமல் போகிறது. துன்புறுத்தல் தொடங்கிய வாரத்திலேயே யார் புகார் தந்தார், யார் விசாரித்தார், எந்த முடிவு எடுக்கப்பட்டது, அடுத்த வாரம் மீண்டும் அந்தப் பிள்ளையிடம் யார் கேட்டார் என்பதைப் பதிவுசெய்யும் பொறுப்பைச் சட்டம் நேரடியாகவே பள்ளிமீது சுமத்தி, அதைத் தவறவிடுவதையே மீறலாகக் கருதுமாறு திருத்தப்பட வேண்டும்.