பெயர் சூட்டக் காத்திருக்கும் மோட்டார்கள்

கோவை கணபதியில் டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் இறங்கி எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் லேத் சத்தம் காதைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு சந்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு சின்ன பம்ப் பட்டறைக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. அதுவும் லாட் முடிவு செய்யும் நாளில்! வரப்போகும் கோடைக்கு எத்தனை போர்வெல் பம்ப் என்று தீர்மானிக்கும் நாள். விடுவேனா?

உள்ளே போனதும் முதல் அதிர்ச்சி. ரேக் முழுக்க மோட்டார்கள், ஒன்றிலும் நேம்பிளேட் இல்லை.

“ஏனுங்க, இதெல்லாம் விக்காமக் கெடக்குதுங்களா?”

“அட, அது இன்னும் பம்பே ஆகலீங்க!” முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இதுதான் சூட்சுமம். ஒரே ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் தலையில் பத்து ஸ்டேஜ் பம்பையும் மாட்டலாம், பதினைந்து ஸ்டேஜையும் மாட்டலாம். ஸ்டேஜ் கூடினால் தண்ணீர் இன்னும் ஆழத்திலிருந்து ஏறும், வரத்து மட்டும் குறையும். கொங்கு மண்ணில் ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்கள் சாதாரணம். மழை பெய்து நீர்மட்டம் ஏறினால் ஒரு மாடல் ஓடும், வறண்டால் இன்னொன்று. எது ஓடும் என்று வானத்துக்கே தெரியாதபோது எதற்கு அவசரப்பட்டு மாட்ட வேண்டும்? மோட்டாரை முடித்து வை, பம்பை ஆர்டர் வந்தபின் மாட்டு. அவ்வளவுதான்!

ஆனால் மோட்டாராவது எத்தனை? பவுண்டரிக்குக் காஸ்டிங் ஆர்டர் முன்கூட்டியே போயாக வேண்டும். செம்புக் கம்பி விலையோ லண்டன் உலோகச் சந்தையைப் பார்த்து ஆடுகிறது. அங்கே எகிறினால் இங்கே காலை இட்லி இறங்காது.

முதலாளி ஒரு பழுப்பு நோட்டைத் திறந்தார். அசல் எண்களை எழுதக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் நானே போட்ட எண்கள் இவை. எட்டுக் கோடைகளின் விற்பனையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 220, 260, 280, 300, 310, 350, 390, 480. சராசரி 324. அதையே செய்துவிடலாமா? கூடாது! கையில் சரக்கில்லாமல் ஒரு பம்ப் கைநழுவினால் 1,500 ரூபாய் லாபம் போச்சு. மிஞ்சினால் வட்டி, தள்ளுபடி என்று 500 நஷ்டம். 1,500-ஐ இரண்டும் சேர்ந்த 2,000-ஆல் வகுத்தால் முக்கால். எட்டில் முக்கால் ஆறு. ஆறாவது எண் 350. பத்திரிகை விற்பவர் எத்தனை பிரதி வாங்குவது என்பதற்கு மேலைநாட்டுப் பாடப்புத்தகங்கள் போடும் அதே கணக்கு! லாபம் மெலிந்து, மிஞ்சுவதன் நஷ்டம் தடித்தால் பதில் சராசரிக்குக் கீழேயும் இறங்கிவிடும்.

அந்த 350-ஐ ஒரே மூச்சில் ஓட்டுவதா? சி.என்.சி.யில் ஜா மாற்றி, டூல் ஆஃப்செட் பார்த்து, முதல் பீஸை கேஜில் வைத்துச் சரிபார்க்கும்வரை மெஷினிலிருந்து ஒரு நல்ல பீஸும் வராது. அடிக்கடி மாற்றினால் நேரம் போகிறது, மொத்தமாக ஓட்டினால் பணம் ரேக்கில் முடங்குகிறது. இரண்டுக்கும் நடுப்புள்ளியை 1913-லேயே ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் சூத்திரமாக்கிவிட்டார். கல்லூரிப் படியேறாதவர்! அவர் கணக்குப்படி, விற்பனை நான்கு மடங்கானாலும் லாட் இரண்டு மடங்கானால் போதும்.

எல்லா வியாபாரத்திலும் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. வீடு தேடி கிரைண்டர் வரும்போது கடைக்கு யார் வருவார்? எந்த நோட்டும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

கிளம்பும் நேரத்தில் போன். ஒரு டீலருக்குப் பதினைந்து ஸ்டேஜ் இரண்டு, இன்றைக்கே. பையன் ரேக்கிலிருந்து இரண்டு மோட்டார்களை இறக்கினான். கப்ளிங், நாலு நட்டு, டெஸ்ட், கடைசியாக நேம்பிளேட்டுக்கு ரிவெட். சாயந்திரம் ஐந்தரைக்கு இரண்டும் லாரி ஆபீசில் இருந்தன.