உங்களுக்குத் தெரியுமா? கடல்மீன் தொட்டிக்குள் ஒட்டுண்ணி

• நன்னீர் மீனுக்கும் கடல்மீனுக்கும் வெண்புள்ளி நோய் வரும். ஆனால் கிருமிகள் வேறு வேறு. கடல்மீனைத் தாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி. 1951-இல் இந்தப் பெயர் பெற்றது.

• புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். 3 முதல் 7 நாள் மீனின் உடலைத் தின்று கொழுத்த ஒட்டுண்ணி, பெரும்பாலும் இருட்டு நேரத்தில் உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்கிறது. ஒரே கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வரை வெளிவரலாம்.

• அந்தக் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாவுதான். ஆனால் கூடு 72 நாள் வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு உண்டு. எனவே நோய் கண்ட தொட்டியை 11 வாரம் மீனில்லாமல் விட்டு வையுங்கள்.

• தாமிர மருந்து நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். அதனால்தான் நீரில் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, குறைந்தது 3 வாரம் நிலையாக இருக்க வேண்டும். அளவுக் கருவியின்றி, தாமிர உப்பான மயில்துத்தத்தைக் கைக்கணக்கில் போடக் கூடாது. பவளம், இறால், நத்தை உள்ள தொட்டியில் தாமிரம் கூடவே கூடாது. பவள மணல் மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால், மணலற்ற தனித்தொட்டியே சிகிச்சைக்கு ஏற்றது.

• மருந்தே இல்லாத வழியும் உண்டு. 3 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 4 முறை, கழுவிக் காயவைத்துப் புதுக் கடல்நீர் நிரப்பிய தொட்டிக்கு மீனை மாற்றினால், உதிர்ந்த கூடுகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும்.

• உடலில் பொன்துகள் தூவியதுபோல் தெரிந்தால் அது அமைலூடினியம் என்ற வேறு ஒட்டுண்ணி. செவுளைத் தாக்கிச் சில நாளிலேயே மீனைக் கொன்றுவிடும். உப்பைக் குறைப்பது வெண்புள்ளிக்கு உதவும், இதற்கு உதவாது.

• தட்டைப்புழு ஒட்டிய மீனை, தொட்டி நீரின் அதே வெப்பமும் கார அமில நிலையும் கொண்ட நன்னீரில் 5 நிமிடம் விட்டால் புழு வெளுத்து உதிரும். முட்டைகள் சாகாது, அதனால் சிகிச்சையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

• கவரைப்பேட்டையில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பழவேற்காடு ஏரி பக்கம்தான். ஆனாலும் ஏரி நீரைக் கேனில் பிடித்துவந்து ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் ஆரணி, காளங்கி ஆறுகளின் வெள்ளம் கலந்து உப்பு வெகுவாக இறங்கும். ஒட்டுண்ணியும் கூடவே வரலாம். செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, அளந்து பயன்படுத்துங்கள்.

• பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறது. கடலில் பிடித்த மீனைவிட, சுத்தமான பண்ணையில் பிறந்த மீனில் ஒட்டுண்ணி ஆபத்து குறைவு.

• எங்கிருந்து வாங்கினாலும் புது மீனை 30 நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதே சிறந்த தடுப்பு. அதற்கென வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும். மீன் கல்லில் உரசினாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, இரையை ஒதுக்கினாலோ அன்றே கவனியுங்கள். கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தமான பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மருந்து ஊற்றும் முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.