சொத்தைப் பல்லுக்குப் புழு காரணமல்ல!



செம்பனைக் குலை அறுக்கும் தோழர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் குத்தல். முதலில் கிராம்பை வைத்துக் கடித்தார். பிறகு புகையிலையை அடக்கிப் பார்த்தார். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். "போய்க் காட்டிட்டு வாங்கண்ணே" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதற்கு, "ஒருநாள் வேலை போனா நீயா கொடுப்பே?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் கன்னம் வீங்கியது, காய்ச்சல் கண்டது, வாயைத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருநாளைக்குப் பயந்தவர் ஒரு வாரம் கட்டிலில் கிடந்தார். பல்லும் போயிற்று.

அதே வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. சிரித்தால் முன் பற்கள் கறுத்து, கரைந்து, வெறும் முனைகளாகத் தெரிகின்றன. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்கிறார் தாயார்.

தகப்பனார் பல்லும் மகள் பல்லும் கெட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அது அந்த வீட்டு அடுப்படிப் பலகையில் இருக்கிறது: சீனி டப்பாவும் கெட்டிப்பால் டின்னும்.

புழுவா அரிக்கிறது?

"பல்லைப் புழு அரிச்சிடுச்சு" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். பல்லுக்குள் புழு எதுவும் கிடையாது. எல்லாருடைய வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதுதான் அவற்றின் குடியிருப்பு. நாம் சாப்பிடும் சீனியை அவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டுப் புளிப்பான ஆசிட்டைக் கக்குகின்றன.

ஆசிட் என்றால் என்னவென்று ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே, அது கையில் பட்டால் தோல் என்ன ஆகிறது? வாயில் ஊறும் ஆசிட் அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் அது தினமும் ஊறுகிறது. பல்லின் மேலே இருக்கும் வெள்ளை ஓடு நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. முதலில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைப் புள்ளி தெரியும். பிறகு பழுப்பாகும், குழி விழும். குழி உள்ளே இருக்கும் நரம்பை எட்டும்போதுதான் "ஐயோ அம்மா" என்று கத்துகிறோம்.

எத்தனை கரண்டி? அதைவிட, எத்தனை தடவை?

இனிப்பு வாயில் பட்டதும் ஆசிட் ஊறத் தொடங்கி, அரைமணி நேரம் வரை பல்லைத் தாக்குகிறது. அதற்குப் பிறகு எச்சில் ஆசிட்டைக் கழுவி, கரைந்த ஓட்டைத் திரும்பவும் கெட்டிப்படுத்தப் பார்க்கும். அதற்கு ஓய்வு நேரம் வேண்டும்.

பால்மரத்தை ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறோம்? ஓய்வில்லாமல் வெட்டினால் பால் வற்றி மரம் வீணாகிவிடும். பல்லும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். வெட்டிய பட்டை மறுபடி வளரும், குழி விழுந்த பல் வளராது.

நம்முடைய ஒருநாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு மங்கு பால் தேத்தண்ணி. காட்டுக்குள்ளே பாட்டிலில் சீனித் தேத்தண்ணி, அதையும் ஒரே மூச்சில் குடிக்காமல் மணிக்கணக்கில் வாய் வாயாகக் குடிக்கிறோம். பசியாறும்போது ஒன்று. வேலை முடிந்து வந்ததும் பிஸ்கட்டோடு ஒன்று. ராத்திரி தொலைக்காட்சிக்கு முன்னால் மைலோ. பல்லுக்கு ஓய்வு எப்போது?

சுவீடன் நாட்டில் 1945 முதல் 1953 வரை நடந்த ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டியது. சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டிக்கொள்ளும் மிட்டாய் தின்றவர்களுக்குத்தான் மிகவும் கூடியது.

"வெயிலில் வேலை செய்கிறவனுக்குத் தெம்பு வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். அந்தத் தெம்பைச் சோற்றிலும், முட்டையிலும், கடலையிலும், வாழைப்பழத்திலும் தேடுங்கள். காட்டுக்குக் கொண்டுபோகும் பாட்டிலில் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும். தேத்தண்ணி இல்லாமல் முடியாது என்பவர்கள் 'தே ஓ கோசோங்' எடுத்துப் போங்கள். ஒரு வாரம் கசக்கும், பிறகு நாக்குப் பழகிவிடும். நீரிழிவு உள்ள வீட்டில் இதனால் இரட்டை நன்மை.

பால் போத்தலும் குழந்தையும்

கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. டின்னில் 'கிரிமர்' என்று போட்டிருந்தாலும் சீனி சீனிதான். 1939-ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கைக்குழந்தைகளுக்கு இனிப்புக் கெட்டிப்பால் கொடுப்பதைக் கண்டித்து, 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் சிங்கப்பூரில் பேசினார். அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி. அவர்களின் பல்லுக்கும் அந்த டின் பகைதான்.

விடியற்காலை வேலைக்கு எழ வேண்டிய தாய், குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று போத்தலை வாயில் வைத்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாக ஊறும். இனிப்புப் பால் ராத்திரி முழுக்க முன் பல்லிலேயே தங்கிவிடும். அந்தக் குழந்தையின் பல் கரைந்தது இப்படித்தான். போத்தல் கேட்டு அழுதால் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். ஒரு வயது தாண்டியதும் மங்கில் குடிக்கப் பழக்குங்கள்.

பால் பல் விழத்தான் போகிறது. ஆனால் கடைசிப் பால் பல் விழப் பதினொன்று, பன்னிரண்டு வயது ஆகும். அதுவரை வலியோடு பிள்ளை எப்படிச் சாப்பிடும், எப்படிப் படிக்கும்? பால் பல் முன்கூட்டியே போனால் பின்னால் வரும் பல் இடம் தவறிக் கோணலாகவும் முளைக்கும். இன்னொன்று: ஆறு வயது வாக்கில் எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிலைப் பல். போனால் போனதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

1. காலையிலும், ராத்திரி படுக்குமுன்னும் பல் துலக்க வேண்டும். ஒரு வேளைதான் முடியும் என்றால் ராத்திரியை விடாதீர்கள்.

2. உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல் வேண்டாம். அவை பல்லின் ஓட்டைத் தேய்த்துவிடும். ஃபுளோரைடு கலந்த பற்பசை வாங்குங்கள். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பி.பி.எம். இருக்க வேண்டும். விலை உயர்ந்ததுதான் நல்லது என்பதில்லை.

3. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர்களே துலக்கிவிட வேண்டும்.

4. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரை மடக்கு மடக்காக ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும்.

5. இந்நாட்டில் 1972-ஆம் ஆண்டு அமைச்சரவை எடுத்த முடிவுப்படி பல மாநிலங்களில் குழாய்த் தண்ணீரில் சிறிதளவு ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் குடிக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்குப் பற்பசை இன்னும் அவசியம்.

6. பல் தாதியருக்கென்று 1949-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாடு இது. பள்ளிக்கூடத்துக்குப் பல் சிகிச்சைக் குழு வரும்போது பெற்றோர் சம்மதம் கேட்டுக் கடுதாசி வரும். பயப்படாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வலி வந்துவிட்டால்?

கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும். சொத்தையைக் குணமாக்காது. மாத்திரையைப் பல் இடுக்கில் வைத்தால் ஈறு வெந்து புண்ணாகும். புகையிலையை அடக்கும் பழக்கம் வாய்ப் புற்றுநோய்க்கே வழி. வெற்றிலை பாக்குப் போடுகிற பாட்டிமாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் உடனே காட்டுங்கள்.

வலி திடீரென்று நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நம்பாதீர்கள். உள்ளே நரம்பு செத்துப் போயிருக்கலாம், சீழ் வேரில் சேர்ந்துகொண்டிருக்கும். முகம் அல்லது கழுத்து வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமை — இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்து உண்டு.

ஒருநாள் வேலை போய்விடுமா?

அந்தத் தோழர் பயந்தாரே, அந்தப் பயம் தேவையே இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60-எஃப் பிரிவுப்படி, பதிவு பெற்ற பல் வைத்தியர் பரிசோதித்துக் கொடுக்கும் எம்.சி.யும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்புக்குச் செல்லும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். பல்லுக்கு எடுக்கும் நாள் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், அதை மறக்காதீர்கள். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதே உரிமை உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். யாராவது மறுத்தால் உங்கள் கிளைச் செயலாளரிடம் வந்து சொல்லுங்கள்.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். நம் பிள்ளைகள் நாளைக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் சிரிக்கவும் வேண்டும். இன்று ராத்திரியே அந்தப் போத்தலில் தண்ணீரை ஊற்றுங்கள்.