புதுத் தரையும் பற்றுச்சீட்டும்

அகதி விடுதியில் ஓர் அறையை நால்வர் பகிர்ந்து வாழத் தொடங்கிய எம்மவர்களிற் பலர் இன்று வங்கிக் கடனில் சொந்த வீடு வாங்கியுள்ளனர். வீட்டின் திறப்பு கைக்கு வந்ததும் முதலில் எழும் பேச்சு தரையைப் பற்றியதே. ஊரில் மெழுகிய திண்ணையிலும் மெருகேற்றிய சிவப்புச் சீமெந்துத் தரையிலும் தவழ்ந்து வளர்ந்தவர்களுக்கு, முன்பிருந்தவர் விட்டுச்சென்ற கறைபடிந்த தரைவிரிப்பின்மேல் பாய் விரிக்க மனம் ஒப்புவதில்லை. ஆகவே குடிபூரலுக்கு நாள் குறித்துவிட்டு வேலையாட்களைத் தேடுகின்றனர். ஒழுங்கு இங்கேதான் தலைகீழாகிவிடுகின்றது.

பான் நகரில் வீட்டுக்கு வீடு தரையின் அடித்தளம் வேறுபடும். சூட்ஸ்டாட் பகுதியின் நூறாண்டு கடந்த வீடுகளில் மரவளைகளின்மேல் பலகை அடித்திருக்கும். தலைநகராக இருந்த காலத்தில் எழுந்த தொடர்மாடிகளில் கொங்கிறீற்றின்மேல் எஸ்ட்ரிக் எனப்படும் சமன்படுத்திய தளம் இருக்கும். ரைன் நதி பெருகிய 1993, 1995ஆம் ஆண்டுகளை நினைவிற் கொண்டோர், நதியை அண்டிய பகுதிகளில் நிலக்கீழ் அறைக்கு மரத்தரை இடத் துணியமாட்டார்கள். எனவே வீட்டை நேரில் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரை நம்பலாகாது.

நேரில் வந்து பார்க்கும் தொழிலாளர் என்ன செய்வார்? முதலில் தளத்தின் சமநிலையை நீண்ட மட்டப்பலகை வைத்து அளப்பார். வெடிப்புகளையும் பழைய பசையையும் ஆராய்வார். அடுத்தது ஈரப்பரிசோதனை. தளத்திலிருந்து சிறு துண்டொன்றைக் கொத்தியெடுத்து, நொறுக்கி, காபைட்டுடன் சேர்த்து எஃகுக் குடுவையில் அடைத்துக் குலுக்குவர். எழும் வாயுவின் அழுத்தம் ஈரத்தின் அளவைக் காட்டும். வெப்பக்குழாய் இல்லாத சீமெந்துத் தளமாயின் 2 வீதத்திற்கும், அன்ஹைட்ரிட் தளமாயின் 0.5 வீதத்திற்கும் மேற்படாதிருத்தல் வேண்டும். ஈரம் காயுமுன் மரத்தையோ பிளாஸ்ரிக் விரிப்பையோ இட்டால் சில மாதங்களில் தரை ஊதிப் புடைக்கும், பசை விட்டுப்போகும். தளம் காயவில்லை என்று வேலையாள் சொன்னால், பிந்துவது குடிபூரலாகட்டும்.

பழைய வீடுகளில் இதனிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஜேர்மனியில் அஸ்பெஸ்டஸ் 1993இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன், குறிப்பாக அறுபதுகள் தொட்டு எண்பதுகள் வரை, ஒட்டப்பட்ட கடினமான சதுரத் தரைத் தட்டுகளிலும் அவற்றின்கீழுள்ள கரிய பசையிலும் அது கலந்திருக்கக்கூடும். அவற்றைச் சனிக்கிழமை நாலு நண்பர்களைக் கூட்டிவந்து உடைத்தெடுப்பது தன் நுரையீரலையும் பிள்ளைகளின் நுரையீரலையும் பணயம் வைப்பதாகும். மாதிரியை ஆய்வுகூடத்திற்கு அனுப்பிச் சோதித்த பின்னர், அதற்கெனத் தகுதிபெற்ற நிறுவனமே அதனை அகற்றுதல் வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில் அறை முற்றாக வெறுமையாக இருத்தல் வேண்டும். தளவாடங்களை யார் நகர்த்துவது, பழைய விரிப்பை யார் அப்புறப்படுத்துவது, கதவின் அடியை யார் சீவுவது, சுவரோரச் சட்டம் விலையில் அடங்குமா என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் பெறுக. பலகைகள் கட்டுடைக்கப்படாமல் அதே அறையில் ஏறக்குறைய இரண்டு நாட்கள் கிடந்து அறையின் வெப்பத்திற்குப் பழகுதல் நன்று. சமன்படுத்தும் கலவை ஊற்றினால் அது காய ஒரு நாளாவது செல்லும். மிதக்கும் முறையில் இடும் லமினாட் தரைக்குச் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடுவர். அது வேலையின் குறையன்று. மரம் விரிவதற்கான இடம்.

தொடர்மாடியில் வசிப்போர் கீழ்வீட்டாரையும் எண்ணவேண்டும். மெத்தென்ற தரைவிரிப்பை எடுத்துவிட்டு ஓடு பதித்தால், குழந்தை ஓடும் ஒலி கீழே இடியாக இறங்கும். காலடி ஒலிக்கு டின் 4109 என்னும் நியமம் எல்லை வகுத்துள்ளது. இவ்வாறு விரிப்பை ஓடாக மாற்றிய உரிமையாளர் அந்த எல்லையைப் பேணியே ஆகவேண்டும் எனக் கால்ஸ்ரூஹவிலுள்ள உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரின் எழுத்து அனுமதியின்றித் தரையில் கைவைக்கலாகாது.

இனி, எம்மவர்கள் மத்தியில் அதிகம் பேசப்படாத விடயம். "அண்ணை, பில் வேண்டாமெண்டால் பத்தொன்பது வீதம் மிச்சம்" என்ற வார்த்தையைக் கேளாதவர் குறைவு. இந்த மிச்சத்தின் உண்மை விலையை மேற்படி நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் சொல்கின்றன. வீட்டு முற்றப் பாதைக்குக் கல் பதிக்கப் பற்றுச்சீட்டின்றி 1,800 யூரோ கொடுத்த பெண்மணி ஒருவர், கற்கள் விரைவிலேயே தாழ்ந்தபோது வழக்காடினார். வரி ஏய்ப்புக்கான அந்த ஒப்பந்தமே செல்லாது, ஆகவே குறையைத் திருத்தக் கோரும் உரிமையும் இல்லை என 2013இல் தீர்ப்பாயிற்று. இத்தகைய வேலையைச் செய்தவர் தமது கூலியைக் கோரவும் முடியாதென 2014இலும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இயலாதென 2015இலும் அதே நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது தீர்ப்பை எம் இளைஞர்கள் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். தஞ்ச வழக்கு முடியாத நிலையில் இவ்வாறு முழங்காலில் நின்று தரை பதிப்பவர்கள் எம்மிடையே உண்டு. கூலி கிடைக்காவிடின் கதவைத் தட்ட இடமில்லை என்பதோடு, பிடிபட்டால் வதிவிட அனுமதிக்கே பங்கம் நேரலாம். மலிவாக வேலை செய்விப்பவர் தம்முடைய ஊரவனின் தலையில்தான் அந்தப் பாரத்தை ஏற்றுகின்றார்.

பற்றுச்சீட்டுடன் செய்வித்தால் அரசே ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றது. குடியிருக்கும் வீட்டில் செய்விக்கும் வேலையின் கூலியில் 20 வீதத்தை, ஆண்டுக்கு 1,200 யூரோ வரை, வருமான வரியிலிருந்து கழிக்கலாம். கூலி 2,000 யூரோவாயின் கழிவு 400 யூரோ. பொருட்களின் விலை இதில் அடங்காது. கூலி தனியாக எழுதப்பட்டு, பணம் வங்கி மூலம் செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். கையிற் கொடுத்த காசுக்குக் கழிவில்லை.

யாரை அழைப்பது? 2004இல் நீக்கப்பட்ட மைஸ்டர் தகுதி, ஓடு பதிப்போருக்கும் பார்கெட் மரத்தரை இடுவோருக்கும் எஸ்ட்ரிக் இடுவோருக்கும் 2020இல் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இடைக்காலத்தில் தொழில் தொடங்கியவர்கள் தொடர்ந்து செய்யலாம். பான் நகரம் கொலோன் கைத்தொழிற் சபையின் எல்லைக்குட்பட்டது. ஒருவர் பதிவுபெற்றவரா என்பதை அங்கே விசாரித்தறியலாம். இரண்டு மூன்று விலை மதிப்பீடுகளை எழுத்தில் பெற்று ஒப்பிடுக. செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டும் எனத் தெரிந்தவுடன் அறிவிப்பது வேலை செய்பவரின் கடமை.

வேலை முடிந்ததும் ஏற்புப் பத்திரத்தில் ஒப்பமிடக் கேட்பர். அதனை அப்நாமே என்பர். அவசரப்படாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அறை அறையாக நடந்து, கதவுகளைத் திறந்து மூடி, காலுக்குக்கீழ் ஒலிக்கும் இடங்களைக் குறித்து, காணும் குறைகளைப் பத்திரத்திலேயே எழுதுவியுங்கள். கண்ட குறையை எழுதாமல் ஏற்றுக்கொண்டால் அதைத் திருத்தக் கேட்கும் உரிமை போய்விடும். பின்னர் தோன்றும் குறையை நிறுவும் பொறுப்பும் உங்களுடையதாகும். கட்டடத்தோடு சேர்ந்த வேலைக்குச் சட்டம் பொதுவாக 5 ஆண்டுகள் பொறுப்புக் காலம் தருகின்றது. மொழி விளங்காவிடின் டொச் படிக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் வீட்டு உறுதியோடு ஒரே கோவையில் பேணுங்கள். நாள் பார்த்துப் பால் காய்ச்சுவது அதற்குப் பின்னர்.