அரைத்த மாவையே அரைக்கலாமா?

1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' என்னும் வீடியோ விளையாட்டில், வீரன் சிறு எதிரிகளோடு மீண்டும் மீண்டும் போரிட்டே வலிமை பெறுகிறான். எளிய எதிரியான 'ஸ்லைம்' ஒன்றை வென்றால் 1 அனுபவப் புள்ளி. 2-ஆம் நிலைக்கு 7 புள்ளிகள். கடைசியான 30-ஆம் நிலைக்கோ 65,535! போரில் வீழ்ந்தால் பொன்னில் பாதி போகும். பெற்ற அனுபவம் குறையாது. நல்ல பாடம் அன்றோ?

ஆயினும் இறுதி அரக்கனை வெல்ல 30-ஆம் நிலை வேண்டியதில்லை. அதற்குப் போதுமான உழைப்பு பயனுள்ளது. மிஞ்சியது அரைத்த மாவையே அரைப்பது. மேலும், அங்கே உயர்வது வீரனின் எண்களே. தட்டச்சுப் பயிற்சியில் ஒரே வரியை நூறு முறை அடித்தாலோ, தேர்ச்சி பெறுவது நம் விரல்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் எதை அரைக்கலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள்!